கடற்கரை ஊரிலிருந்து தொழில்முறை டென்னிஸுக்கு: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கான வழிகாட்டி

டென்னிஸையே தொழிலாகக் கொண்டு வாழ வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், அந்த ஆசை கைகூடப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும். அவ்வளவு காலமும் செலவைத் தாங்கப்போவது பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் குடும்பம்தான். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கும் நமக்குச் சென்னையில் இருப்பதைப் போல் தெருவுக்குத் தெரு களமோ, வாரந்தோறும் புதுப்புது எதிராளிகளோ கிடைப்பதில்லை. ஆனால் ஏறத்தாழப் பன்னிரண்டு வயது வரை அவை இல்லாமலேயே ஒரு நல்ல ஆட்டக்காரரை வளர்க்க முடியும் என்பதும், பணத்தையும் இடமாற்றத்தையும் அதற்குப் பிறகே யோசிக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. முழுப் பயணத்தையும் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் பிள்ளையின் ஆட்டம், உடல்நிலை, விருப்பம், வீட்டின் கையிருப்பு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும்.

தொடக்க ஆண்டுகள்

ஆறேழு வயதுக் குழந்தையிடம் பெரியவர்களுக்கான மஞ்சள் பந்தையும் 27 அங்குல மட்டையையும் கொடுத்து முழுக் களத்தில் நிறுத்துவதுதான் நம் பக்கத்தில் இன்றும் அதிகம் காணப்படும் தவறு. அந்தப் பந்து குழந்தையின் தலைக்கு மேலே எழும்பும். அதை எட்டி அடிப்பதற்காகக் குழந்தை மட்டையைத் தவறாகப் பிடிக்கப் பழகும். அந்தப் பிடியை மாற்றப் பின்னாளில் ஆண்டுக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும். இதனால்தான் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று 2012 முதல் விதி வகுத்திருக்கிறது. சிவப்புப் பந்து வழக்கமான பந்தைவிட ஏறத்தாழ 75 சதவீதமும், ஆரஞ்சுப் பந்து 50 சதவீதமும், பச்சைப் பந்து 25 சதவீதமும் வேகம் குறைந்தவை. சிவப்புப் பந்துக்கு 36 அடி நீளக் களமும் ஆரஞ்சுப் பந்துக்கு 60 அடி நீளக் களமும் போதும். பச்சைப் பந்தில்தான் 78 அடி முழுக் களத்துக்குச் செல்ல வேண்டும். 36 அடிக் களத்தைப் பள்ளி மைதானத்திலோ, வீட்டின் சிமென்ட் தரையிலோ சுண்ணக்கட்டியால் வரைந்து, குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டியே அமைத்துக்கொள்ளலாம். களம் குறைந்த நம் ஊர்களுக்கு இது பெரிய வசதி.

மட்டையும் 21, 23, 25, 26 அங்குலம் என்று உயரத்துக்கு ஏற்ப மாற வேண்டும். 'வளரும் பிள்ளைதானே' என்று ஓரளவு பெரியதாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. மட்டையில் கட்டும் இழையான ஸ்டிரிங்கில் பாலியெஸ்டர் வகை விறைப்பானது. உடல் முதிராத பிள்ளையின் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அது கேடு விளைவிக்கும். பதினான்கு, பதினைந்து வயது வரை மென்மையான மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிழைகள் சேர்ந்தது) அல்லது செயற்கை கட் (சிந்தெடிக் கட்) வகை ஸ்டிரிங்கே போதுமானது.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எந்த மட்டம் வரை ஆடினார் என்பதைவிட, அவரிடம் கற்கும் பத்து வயதுப் பிள்ளைகள் எப்படி ஆடுகிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும். ஒரு வாரம் களத்தின் ஓரமாக அமர்ந்து கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை பந்து அடிக்கிறது, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது, சர்வீஸுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்பவற்றைக் கவனித்தாலே பயிற்சியின் தரம் தெரிந்துவிடும். சர்வீஸ் போடுவதையும் எதிராளியின் சர்வீஸைத் திருப்பி அடிப்பதையும் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளும் பயிற்சி முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு புள்ளியும் அந்த இரண்டு அடிகளில்தான் தொடங்குகிறது. நல்ல சுவர் ஒன்று கிடைத்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். வார நாட்களில் எதிராளி கிடைக்காத பிள்ளைக்கு, முகம் சுளிக்காமல் பந்தைத் திருப்பித் தரும் துணை அதுதான்.

வெயில், மழை, கடல்காற்று

நம் கரையோரத்தில் காற்றின் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். உடல் சூடு எளிதில் தணியாது. அதிகாலையில் மட்டுமே பயிற்சி செய்து பழகிய பிள்ளை, மே மாதத்தில் சென்னையில் நடக்கும் போட்டியில் பதினொரு மணி வெயிலில் களமிறங்கினால், இரண்டாவது செட்டுக்குள் கால் தசை பிடித்துக்கொள்வது வியப்பன்று. பள்ளி விடுமுறையும் போட்டிகளும் அக்னி நட்சத்திரமும் ஒரே காலத்தில் வருகின்றன. வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் தேவைப்படும். ஆகவே கோடைப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, முதலில் இருபது நிமிடம் என்று தொடங்கிப் படிப்படியாக, முற்பகல் வெயிலில் ஆடப் பழக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாது. உப்புக் கரைசல் பொட்டலமோ, உப்பிட்ட மோரோ கூடவே இருக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. எனவே இளநீரை மட்டும் நம்பியிருப்பது போதாது. தலைசுற்றல், குமட்டல், பேச்சில் குழப்பம் ஆகியவை தெரிந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு உடலைக் குளிர்விக்க வேண்டும்.

பிற்பகலில் கடல்காற்று எழும்போது சர்வீஸுக்குத் தூக்கிப் போடும் பந்து நகர்ந்துவிடும். பலர் இதைத் தொல்லையாகவே பார்க்கிறார்கள். காற்றில் பந்தைத் தாழ்வாகத் தூக்கிப் போடவும், காற்றை எதிர்த்து ஆடும் பக்கத்தில் பந்தை ஆழமாக அடிக்கவும் பழகிய நம் பிள்ளைகளுக்கு, வெளியூர்க் களங்களில் அது ஒரு பலமாகவே அமையும். புதுச்சேரியில் கடலை ஒட்டியுள்ள அரவிந்தர் ஆசிரமத்தின் டென்னிஸ் திடலில், அன்னை தம் எழுபது வயதைக் கடந்தும் நாள்தோறும் ஆடிவந்தார் என்பதை இந்த ஊர் அறியும். இந்த விளையாட்டு நம் கரைக்குப் புதிதன்று.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் களங்கள் பல நாட்கள் நனைந்தே கிடக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழையைக் கொட்டியது போன்ற ஆண்டுகளில் வாரக்கணக்கில் பயிற்சி நின்றுபோகும். இந்த மாதங்களை உடற்பயிற்சிக்கென்றே முன்கூட்டித் திட்டமிட்டுவிடுவது நல்லது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஓடுவதாக இருந்தால், அலை நனைத்து இறுகிய மணலில் ஓட வேண்டும். கால் புதையும் உலர்ந்த மணலில் நெடுநேரம் ஓடினால் குதிகால் தசைநாணில் வலி வரும்.

பதிவு, எல்லை, கடவுச்சீட்டு

பத்துப் பன்னிரண்டு வயதில் அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பெயரைப் பதிவு செய்து பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. சான்றிதழிலும் ஆதாரிலும் கடவுச்சீட்டிலும் பெயரின் எழுத்துகள், தந்தையின் பெயர், பிறந்த தேதி ஆகியவை ஒன்றுபோலவே இருக்கின்றனவா என்று முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். தேசிய அளவில் 12, 14, 16, 18 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் உள்ளன. போட்டிகள் டேலண்ட் சீரீஸில் தொடங்கி, சாம்பியன்ஷிப் சீரீஸ், சூப்பர் சீரீஸ், நேஷனல் சீரீஸ் என்று படிப்படியாக ஏறி, இறுதியில் தேசிய சாம்பியன்ஷிப்பில் முடியும். கீழ்ப்படிகளில் போதிய வெற்றிகள் இல்லாமல் மேல்படிப் போட்டிகளுக்கு ரயிலேறுவது பணத்தையும் பிள்ளையின் மனத்தையும் சேர்த்தே கரைக்கும். ஆடும் போட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்களையாவது பிள்ளை வெல்லும் மட்டம் எதுவோ, அதுவே அந்தப் பருவத்துக்கு உரிய மட்டம் என்பது என் அளவுகோல்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அரை மணி, முக்கால் மணிப் பயணம்தான். ஆனால் விளையாட்டு நிர்வாகத்தில் அவை இரண்டு வேறு மாநில அமைப்புகளின் கீழ் வருகின்றன. கடலூர்ப் பிள்ளை தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் வழியாகவும், புதுச்சேரிப் பிள்ளை அந்த ஒன்றியப் பகுதியின் சங்கத்தின் வழியாகவும் செல்ல வேண்டும். தமிழ்நாட்டு அணியில் இடம்பிடிக்கப் போட்டி மிகக் கடுமை. புதுச்சேரியில் ஆட்டக்காரர்கள் குறைவு என்பதால் பள்ளி விளையாட்டு அணியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். மறுபுறம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித்தொகைத் திட்டங்களும், 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் தமிழ்நாட்டினருக்கானவை. வீடு ஒரு பக்கம், பள்ளி மறு பக்கம் என்று வாழும் குடும்பங்கள் இந்த எல்லைப்பகுதியில் ஏராளம். எந்தப் பக்கத்து இருப்பிடச் சான்றைக் கொண்டு செல்வது என்பதை ஒருமுறை தீர்மானித்து, அதிலேயே நிலைத்திருங்கள்.

புதுச்சேரிக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் இந்தியாவுக்காக ஆட முடியாது என்பது 2008 முதல் நடுவண் அரசு பின்பற்றிவரும் கொள்கை. அமெரிக்கக் குடியுரிமை கொண்ட பிரகாஷ் அமிர்தராஜ், நாடுகள் அணிகளாக மோதும் டேவிஸ் கோப்பைப் போட்டிக்கான இந்திய அணியில் தொடர முடியாமல் போனது இதனால்தான். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு விசாத் தொல்லையின்றிச் சென்று ஆடும் வசதி உண்டு. அது சிறிய வசதியன்று. ஆனால் எந்த நாட்டின் பெயரில் ஆடப்போகிறது என்பதைப் பதினான்கு வயதுக்குள் குடும்பம் பேசி முடிவெடுப்பது நல்லது.

சென்னைக்குக் குடிபெயர்வது

பதிமூன்று, பதினான்கு வயதில் இந்தக் கேள்வி தவறாமல் எழும். உள்ளூரில் தன்னைவிட நன்றாக ஆடுபவர் ஒருவரும் இல்லை என்ற நிலை வந்து, மாநில அளவில் காலிறுதி, அரையிறுதி வரை பிள்ளை தொடர்ந்து சென்றால் இடமாற்றத்தை யோசிக்கலாம். அதற்கு முன், வார இறுதிகளில் மட்டும் சென்று ஆடிவருவதே போதும். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். அதோடு ஆண்டுக்கு ஒருமுறையேனும் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் பெரிய போட்டி நடக்கும்போது பிள்ளையை அழைத்துச் சென்று, தகுதிச் சுற்று ஆட்டங்களையும் பயிற்சிக் களங்களையும் காட்டுங்கள். தரவரிசையில் 300ஆவது இடத்தில் இருப்பவர் எவ்வளவு கடுமையாக உழைக்கிறார் என்பதை நேரில் பார்ப்பது, தொலைக்காட்சியில் காணும் இறுதி ஆட்டங்களைவிடப் பயனுள்ளது.

குடிபெயரும்போது தாயோ தந்தையோ வேலையை விட்டுவிட்டு உடன் செல்வது மிகப் பெரிய செலவு. பயிற்சிக் கட்டணத்தைக் கணக்கிடும் குடும்பங்கள் இழக்கும் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஓராண்டுக்கான முழுத் தொகையையும் தாளில் எழுதி, இரண்டாண்டுக்குக் கடன் வாங்காமல் தாங்க முடிந்தால் மட்டுமே செல்லுங்கள். பள்ளி வருகைப்பதிவு சிக்கலானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதலாம். படிப்பை அறவே நிறுத்துவதை எந்த நிலையிலும் நான் ஏற்க மாட்டேன்.

வளரும் உடல்

வேகமாக உயரம் கூடும் பருவத்தில் எலும்பு முதலில் நீளும், தசை பின்தங்கும். அப்போது முழங்காலுக்குக் கீழே புடைப்பும் வலியும் வரலாம். சர்வீஸ் போடும்போது இடுப்பை வளைத்துத் திருப்புவதால் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலியைத் தைலத்தால் சமாளிக்காமல், விளையாட்டுக் காய மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு வாரத்தில் பிள்ளை ஆடும் மொத்த மணி நேரம் அதன் வயது எண்ணைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் தரும் எளிய வரம்பு: பன்னிரண்டு வயதுக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஆண்டில் சில வாரங்களாவது மட்டையைத் தொடாத ஓய்வும் தேவை. சென்னையைச் சேர்ந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயங்களால் பல ஆண்டுகளை இழந்து, 2019இல் 29 வயதில்தான் உலகத் தரவரிசையில் 75ஆவது இடத்தை எட்டினார். அந்த ஆண்டு நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் பிரதான சுற்றில் ஆடினார். பதினேழு வயதில் காயத்துக்காக ஆறு மாதம் நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினெட்டில் பிரியும் பாதை

பதிமூன்று வயது நிறைந்தபின் சர்வதேச இளையோர் போட்டிகளில் ஆடலாம். ஜே30, ஜே60, ஜே100 என்று தொடங்கி ஜே500 வரை அவை தரம் பிரிக்கப்பட்டுள்ளன. ராமநாதன் கிருஷ்ணன் 1954இலும், அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இலும் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றவர்கள். தமிழ்நாட்டு டென்னிஸின் பெருமை அந்தக் குடும்பத்திலிருந்தே தொடங்குகிறது. அண்மையில் கோயம்புத்தூரைச் சேர்ந்த மாயா ராஜேஸ்வரன் 2025இல், பதினைந்து வயதிலேயே, மும்பையில் நடந்த மகளிர் 125 நிலைப் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை சென்றார். பெரு நகரத்தில் பிறந்தால்தான் முடியும் என்பதில்லை. ஆனால் அத்தகைய பிள்ளைகள் அரிது. எஞ்சியோருக்குப் பதினெட்டு வயதில் இரண்டு வழிகள் உண்டு: நேரே தொழில்முறைச் சுற்றில் இறங்குவது, அல்லது அமெரிக்கக் கல்லூரிக்குச் செல்வது.

முதல் வழியின் கணக்கைப் பார்க்கலாம். ஆடவருக்கான கடைநிலைப் போட்டி எம்15. மொத்தப் பரிசு 15,000 டாலர். அதில் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலரும் 15 தரவரிசைப் புள்ளிகளும் கிடைக்கும். முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர்தான். இதில் வரியும் பிடித்தம் செய்யப்படும். ஒரு வாரத்துக்கான அறை வாடகை, உணவு, ஸ்டிரிங் மாற்றும் செலவு, பயணச் செலவு ஆகியவற்றுக்கு இந்த 156 டாலர் எந்த மூலைக்கும் போதாது. பயிற்சியாளரை அழைத்துச் செல்வதைப் பற்றி நினைக்கவே முடியாது. பெறும் புள்ளிகளோ 52 வாரங்களில் காலாவதியாகிவிடும். மீண்டும் அதே அளவு வென்றால்தான் இருக்கும் இடத்திலாவது நிற்க முடியும். இதற்கு மேலே எம்25, பிறகு சேலஞ்சர் போட்டிகள், அதன்பின் 250, 500, 1000 நிலைப் போட்டிகள், உச்சியில் 2,000 புள்ளிகள் தரும் கிராண்ட்ஸ்லாம் என்று படிகள் உயர்கின்றன. மகளிர் சுற்று டபிள்யூ15, டபிள்யூ35 என்று தொடங்குகிறது.

பணம் கைக்கு வரும் இடம் ஒன்றே ஒன்றுதான். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றின் 128 இடங்களில் 104 இடங்கள் தரவரிசைப்படி நேரடியாக நிரப்பப்படுகின்றன. 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 66,000 பவுண்ட் கிடைத்தது. தரவரிசையில் நூறைச் சுற்றியுள்ள அந்தக் கோட்டுக்கு மேலே இருப்போர் தொழிலால் வாழ்கிறார்கள். அதற்கு வெகு கீழே இருப்போர் கைக்காசைப் போட்டே தொழிலை நடத்துகிறார்கள். 2023 செப்டம்பரில், அப்போது இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்த சுமித் நாகல், தம் வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 900 யூரோ மட்டுமே இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். நான்கே மாதத்தில் அவர் ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றைக் கடந்து, முதல் சுற்றில் அலெக்ஸாண்டர் பப்ளிக்கை வென்றார். அடுத்த மாதம் சென்னை சேலஞ்சரில் பட்டம் வென்று முதல் நூறு இடங்களுக்குள் நுழைந்தார். முதல்நிலை ஆட்டக்காரருக்கே இந்த நிலை என்றால், பதினெட்டு வயதில் தொடங்கும் பிள்ளைக்கு மூன்று நான்கு ஆண்டுகள் வருமானமே இல்லாமல் தாங்கும் ஏற்பாடு வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு அமெரிக்கக் கல்லூரி வழியையே நான் முன்வைப்பேன். படிப்பு, தங்குமிடம், பயிற்சி, மருத்துவம், போட்டிப் பயணம் ஆகியவற்றின் பெரும்பகுதியை உதவித்தொகையே ஏற்கும் வாய்ப்பு அங்கே உண்டு; இருபத்திரண்டு வயதில் பட்டமும் முதிர்ந்த உடலும் சேர்ந்து கிடைக்கும். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்று, 2009இலேயே சென்னை ஓப்பன் இறுதிக்கு வந்தார். மதுரையில் பிறந்த தட்சிணேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தை வீழ்த்திய இந்திய அணியில் ஆடி வென்றார். இந்த வழியில் செல்ல விரும்பினால் பத்தாம் வகுப்பு முதலே ஆங்கிலத்திலும் மதிப்பெண்களிலும் கவனம் வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் ஆட்டத்தின் காணொளிகளை எடுத்துப் பயிற்சியாளர்களுக்கு நேரடியாக அனுப்பத் தொடங்க வேண்டும். இடைத்தரகர்களுக்குப் பெருந்தொகை கொடுக்கத் தேவையில்லை. பரிசுப் பணம் பெறுவது கல்லூரி அணியில் ஆடும் தகுதியைப் பாதிக்கக்கூடும் என்பதால், எம்15 போட்டியில் ஆடுவதற்கு முன்பே அந்த விதிகளைப் படித்துவிடுங்கள்.

மருந்தும் சூதாட்டமும்

இந்த இரண்டும் ஒரே நாளில் ஒரு வாழ்க்கையை முடித்துவிடக் கூடியவை. இந்தியாவில் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இருமல் டானிக்குகள் பலவற்றில் டெர்பியூட்டலின் கலந்திருக்கிறது. அது விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்ட பொருள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பெயரில்லாத சூரணமும், உடற்பயிற்சிக் கூடத்தில் தரும் புரதப் பொடியும் இதே காரணத்தால் ஆபத்தானவை. பிள்ளை விளையாட்டு வீரர் என்பதை ஒவ்வொரு மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லி, மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கடைநிலைப் போட்டிகளின் ஆட்டங்கள்மீதும் உலகெங்கும் பந்தயம் கட்டப்படுகிறது. ஒரு கேமை மட்டும் விட்டுக்கொடுத்தால் பணம் தருவதாகச் சமூக வலைதளத்தில் செய்தி வந்தால், மறுத்துவிட்டால் மட்டும் போதாது. சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமைக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். தெரிவிக்காததே தண்டனைக்குரிய குற்றம்.

இரட்டையர் ஆட்டமும் பிற வேலைகளும்

ஒற்றையரில் முன்னேற்றம் நின்றுவிட்டாலும் தொழில் முடிந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024இல் சீனாவின் ஹாங்சோ 250 நிலைப் போட்டியில் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோகன் போபண்ணாவுடன் இணைந்து ஆடினார். வலைக்கு அருகில் நின்று, பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் 'வாலி', இரண்டாவது சர்வீஸ், இணையரோடு பேசிக்கொண்டே ஆடும் பழக்கம் ஆகியவற்றைச் சிறுவயதிலிருந்தே வளர்த்தால் இந்தக் கதவு திறந்தே இருக்கும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, வருமான வரித் துறை, ராணுவம் ஆகியவையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. இவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்கள் தேவை என்பதால், பன்னிரண்டு வயதுப் போட்டியில் தொடங்கி ஒவ்வொரு சான்றிதழையும், ஆட்ட முடிவுகள் அச்சிட்ட தாள்களையும், மழைநீர் புகாத ஒரு கோப்பில் ஆண்டுவாரியாக அடுக்கி வையுங்கள்.